கோழி கொத்திய ஈ

டென்மார்க்கில் கறிக்கோழி வளர்க்கும் ஷெட்டுக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. வாசலை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கும். அதன் நடுவே ஒரு தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கம் உள்ளே போடுவதற்கென்றே வைத்திருக்கும் பூட்ஸை மாட்டிக்கொள்ள வேண்டும். கை கழுவ வேண்டும், மேலுடையை மாற்ற வேண்டும். ஒரு பேட்ச் கோழி விற்றுப் போனதும் கூளத்தை வழித்து அள்ளி, தரையையும் சுவரையும் கழுவி, கிருமிநாசினி அடித்து, காயவிட்ட பிறகுதான் அடுத்த பேட்ச் குஞ்சுகள் இறங்கும். எலிக்கும் குருவிக்கும் வழியே கிடையாது. 1990களிலிருந்து காட்டிய இந்தக் கெடுபிடியால்தான் அந்த நாடு தன் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா பாக்டீரியாவைப் பெருமளவு ஒடுக்கியது.

கேம்பிலோபேக்டர் என்ற இன்னொரு பாக்டீரியா மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. குளிர்காலம் முழுக்க அடங்கிக் கிடக்கும். கோடை பிறந்ததும் ஷெட் ஷெட்டாகத் தலைகாட்டும். அதே பூட்ஸ், அதே கிருமிநாசினி, அதே ஆட்கள்; மாறியது பருவம் ஒன்றுதான்.

நம்மில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம். 2010களில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆண்டுதோறும் 2 லட்சம் பேருக்கு மேல் இதனால் நோய்ப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. உணவின் வழியாக வரும் நோய்களில் அங்கே முதலிடம் இதற்குத்தான். வயிற்றுப்போக்கு, முறுக்கிப் பிடிக்கும் வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்திவிட்டுப் பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, வயிறு சரியான பிறகு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்கத் தொடங்கிக் கைகால் செயலிழக்கும். 2025 தொடக்கத்தில் புனேயில் பரவி நாடெங்கும் செய்தியான கில்லன் பாரே நோய் அதுதான். அங்கும் சில நோயாளிகளின் மலத்தில் கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்ற இனம் கண்டறியப்பட்டது.

இவ்வளவு பரவலான கிருமியை மருத்துவம் அடையாளம் கண்டதே தாமதமாகத்தான். 1977இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவர் மார்ட்டின் ஸ்கிரோ, வயிற்றுப்போக்கு நோயாளிகளின் மலத்தை வழக்கமான 37 டிகிரியில் வளர்க்காமல் 43 டிகிரிச் சூட்டில் வைத்துப் பார்த்தார். நூற்றில் ஏழு பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. சூட்டைக் கூட்டியதும் ஏன் வளர்ந்தது? கோழியின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி. இந்தக் கிருமிக்குப் பிடித்த வெப்பமும் அதே. கோழிக்குடலில் கோடிக்கணக்கில் பெருகினாலும் கோழிக்கு ஒன்றும் செய்வதில்லை. தீனி தின்னும், எடை போடும், கொக்கரிக்கும். பண்ணைக்காரர் கண்ணுக்கு அது நல்ல கோழிதான்.

கோழிக்கு வெளியே வந்துவிட்டால் இதைவிட நோஞ்சான் கிருமி குறைவு. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் இதற்கு ஆகாது. 5 சதவீதம் போதும். காய்ந்தால் செத்துவிடும். 30 டிகிரிக்குக் கீழே உயிரோடு இருக்குமே தவிரப் பெருகாது. சால்மொனெல்லாவோ தூசியிலும் தீனியிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடியது. அதையே விரட்டிய ஒரு நாட்டில், வெயிலில் காயவைத்தாலே சாகிற இந்தக் கிருமி கழுவிக் காயவைத்த ஷெட்டுக்குள் கோடைதோறும் எப்படி நுழைந்தது?

ஷெட்டை மூடி வளர்ப்பதில் உள்ள ஒரு நிர்ப்பந்தத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான கோழிகள் மூச்சு விடும், சூடு கக்கும், எச்சமிடும். காற்றை மாற்றாவிட்டால் சில மணி நேரத்தில் செத்துக் குவிந்துவிடும். அதனால் பெரிய விசிறிகள் உள்காற்றை வெளியே தள்ள, சுவரிலுள்ள திறப்புகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். குளிர்காலத்தில் விசிறிகள் மெல்லச் சுழலும். கோடையில் முழு வேகம். வாசலில் பூட்ஸை மாற்றச் சொல்லும் கட்டடம், சுவரெங்கும் வாயைத் திறந்து ஊர்க்காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

பிர்தே ஹால்ட் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தத் திறப்புகளைத்தான் கவனித்தார்கள். ஷெட்டுக்கு வெளியே ஈக்களைப் பிடித்துச் சோதித்தார்கள். காற்றோடு எத்தனை உள்ளே போகின்றன என்றும் எண்ணினார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, வெளியே பிடித்த 49 ஈக்களில் 4 ஈக்கள் கேம்பிலோபேக்டர் ஜெஜுனியைக் கோழிக்குக் கடத்தக்கூடியவை. ஈக்களோ நாளுக்கு நூற்றுக்கணக்கில் காற்றுத் திறப்பின் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன. பின்னர் இன்னும் விரிவாக எண்ணியபோது, கோடையில் ஒரு பேட்ச் வளர்ந்து முடிவதற்குள் ஒரு ஷெட்டுக்குள் நுழையும் ஈக்கள் சராசரியாக 30 ஆயிரம் என்று தெரிந்தது.

இந்த எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. ஈ தூக்கி வரும் கிருமிச் சுமை அற்பமானது, பல ஈக்களில் கிருமியே இருக்காது என்று ஆட்சேபம் சொல்லலாம். ஒரு வாதத்துக்கு, ஆயிரத்தில் ஒரு ஈ மட்டுமே கிருமியோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் 30 ஈ உள்ளே வந்துவிடும். தேவைப்படுவது ஒன்று. சில பத்துக் கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே ஒரு குஞ்சின் குடலில் அது குடியேறிவிடும். குஞ்சுகள் ஒன்றன் எச்சத்தை ஒன்று கொத்தும், ஒரே நீர்க்குழாயில் குடிக்கும். ஒரு குஞ்சிடம் தொற்றியது ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ மொத்த ஷெட்டுக்கும் பரவிவிடும்.

மனிதருக்கும் அதிகம் வேண்டியதில்லை. ராபின்சன் என்ற பிரிட்டன் ஆய்வாளர் ஒரு தம்ளர் பாலில் 500 கிருமிகளைக் கலந்து தானே குடித்துப் பார்த்தார். நான்காம் நாள் வயிறு பேசியது. 1981இல் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதி வெளியிட்டார். இன்றைய அறநெறிக் குழுக்கள் இதற்கு அனுமதி தருமா என்பது வேறு கதை.

ஈயின் மீது சந்தேகம் புதிதல்ல. 1983லேயே நார்வேயில் ஒரு கோழிப்பண்ணையில் பிடித்த வீட்டு ஈக்களில் ஏறத்தாழ பாதியில் கேம்பிலோபேக்டர் இருந்ததைக் கண்டிருந்தார்கள். ஆனால் கிருமியுள்ள பண்ணையில் கிருமியுள்ள ஈ பிடிபடுவதில் என்ன ஆச்சரியம்? கோழியிடமிருந்து ஈக்குப் போயிருக்கலாமே? இந்தக் கேள்விக்கு ஈக்களைப் பிடித்துப் பிடித்துச் சோதிப்பதால் விடை கிடைக்காது. ஈயை வரவிடாமல் செய்து என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2006 கோடையில் ஹால்ட் குழு அதைத்தான் செய்தது. சில ஷெட்டுகளின் காற்றுத் திறப்புகளுக்கெல்லாம் ஈ புகாத வலை. ஒப்பிட, வலையில்லாத ஷெட்டுகள். மற்றபடி எந்த மாற்றமும் இல்லை. வலையில்லாத ஷெட்டுகளில் 51.4 சதவீத பேட்ச்களில் கேம்பிலோபேக்டர். வலையிட்ட ஷெட்டுகளில் 15.4 சதவீதம். ஒரு கோடையின் அதிர்ஷ்டமோ என்று ஐயப்பட்டவர்களுக்கு அடுத்து வந்தது நீண்டகாலக் கணக்கு. 10 ஷெட்டுகளில், வலைக்கு முந்தைய 2003 முதல் 2005 வரை 41.4 சதவீதமாக இருந்தது, வலையிட்ட 2006 முதல் 2009 வரை 10.3 சதவீதமாக இறங்கியது. எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று: வலையிட்ட ஷெட்டுகளில் கோடை உச்சமே காணாமல் போயிற்று. வெயிலும் வெக்கையும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் கிருமி ஏறவில்லை. அத்தனை ஆண்டுகளாகப் பருவம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு ஈயாக இருந்திருக்கிறது.

சரி, ஈ கிருமியை எங்கே வைத்துக்கொண்டு வருகிறது? காலில் என்றுதான் நாம் சின்ன வயதிலிருந்து படித்துவந்திருக்கிறோம். அதில் தப்பில்லை. ஈயின் ஒவ்வொரு பாதத்திலும் இரண்டு நகங்களும் இரண்டு மெத்தைகளும் உண்டு. மெத்தையில் நுண்மயிர்கள், அவற்றில் கசியும் பிசுபிசுப்பான நீர். கண்ணாடியில் தலைகீழாக நடக்க ஈக்கு உதவுவது அதுதான். சாணத்தில் நடந்தால் சாணமும் ஒட்டும். ஆனால் காலில் ஒட்டியது காற்றில் பறக்கும்போது காய்ந்துவிடும். காய்ந்தால் சாகும் கிருமிக்கு அது நல்ல வாகனமல்ல. உள்ளே வேறு இடம் இருக்கிறது. ஈயால் கடிக்கவோ மெல்லவோ முடியாது. எச்சிலைக் கக்கி உணவைக் கரைத்து உறிஞ்சி, முன்குடலோடு ஒட்டிய ஒரு பையில் சேமித்துக்கொள்ளும். பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து அதில் கொஞ்சம் வெளியே எடுத்துத் துளியாக வைத்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரமும் இருட்டும் உள்ள அந்தக் குடலுக்குள் கேம்பிலோபேக்டர் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள் பிழைத்திருக்கும். பெருகாது, ஈயின் உடம்பில் அதற்கு வேண்டிய சூடு இல்லை. பக்கத்து மாட்டுத் தொழுவத்திலிருந்து இந்த ஷெட் வரை வர அந்தச் சில மணி நேரம் தாராளம்.

சால்மொனெல்லாவை வைத்து அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் துலக்கமாக்கியது. சால்மொனெல்லா புகட்டிய முட்டைக்கோழிகள் இருக்கும் அறைகளில் வீட்டு ஈக்களைப் பறக்கவிட்டார்கள். 48 மணி நேரத்தில் 40 முதல் 50 சதவீத ஈக்களில் கிருமி. ஈயின் வெளிப்புறத்தை வெறும் நீரில் அலசியபோது ஒன்றும் பெரிதாக வரவில்லை. உடம்புக்குள் மட்டும்தான் இருக்கிறது போலும் என்று தோன்றியது. அலசும் நீரில் அரை சதவீதம் சலவைத்தூள் வகை வேதிப்பொருளைச் சேர்த்ததும், எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்துக்குச் சோப்பு போட்ட மாதிரி, வெளிப்புறத்திலிருந்தும் கிருமிகள் கழன்று வந்தன. உள்ளும் புறமும் சரிசமம்.

அடுத்து அவர்கள் செய்ததைப் பாருங்கள். கிருமியுள்ள ஈக்களை, தொற்றில்லாத கோழிகள் இருக்கும் அறையில் பறக்கவிட்டார்கள். தீனியில் உட்கார்ந்திருக்கும், தண்ணீரில் உட்கார்ந்திருக்கும், கோழி மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு கோழிக்கும் தொற்றவில்லை. அதே மாதிரியான ஈக்களைக் கோழிகளுக்குத் தீனியாகவே கொடுத்தார்கள். மூன்றில் ஒரு கோழியின் குடலில் கிருமி குடியேறிவிட்டது.

ஈ மொய்த்த பண்டம் என்றால் நாம் முகம் சுளிப்போம். ஈ நம் உணவில் உட்காருவதுதான் நமக்குப் பிரச்சினை. கோழிக்கோ ஈயே உணவு. அசைவதைக் கண்டால் கொத்துவது அதன் பிறவிக்குணம். காட்டுக்கோழியாக இருந்த காலத்திலிருந்து புழுவும் பூச்சியும் தின்று வளர்ந்த பறவை. எவ்வளவு சத்தான தீனியைத் தட்டில் கொட்டினாலும் கண்முன்னே தத்தும் ஒரு ஈயை விடாது. காற்றில் சாகக்கூடிய கிருமி, காற்றே படாமல் ஈயின் குடலிலிருந்து நேராகக் கோழியின் குடலுக்கு மாறிவிடுகிறது. ஷெட்டின் வாசலில் எத்தனை பூட்ஸ் மாற்றினாலும் இந்தக் கொத்தலைத் தடுக்க முடியாது.

பறந்து வருவது ஈ என்றால், உள்ளேயே குடித்தனம் நடத்துவது ஒரு வண்டு. ஆல்ஃபிடோபியஸ் டயாபெரினஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆறு மில்லிமீட்டர் நீளம், பளபளக்கும் கறுப்பு. வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் தோன்றி, தானியத்தோடும் கோழியோடும் உலகெங்கும் பரவியது. கேரளத்து ரப்பர் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் மழைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் புகுந்து ஓட்டிலும் உத்தரத்திலும் அப்பிக்கொள்ளும் முப்ளி வண்டும் இதே குடும்பம்தான். கோழிக் கூளம் இதற்குச் சொர்க்கம்: சிந்திய தீனி, எச்சம், செத்த குஞ்சு, ஈரம், வெதுவெதுப்பு. முட்டையிலிருந்து வண்டாக ஐந்து முதல் எட்டு வாரம். வளர்ந்த வண்டு பல மாதம் உயிரோடிருக்கும். புழு, கூடு கட்டும் பருவத்தில் சுவரிலுள்ள வெப்பத்தடுப்புப் பலகையைத் துளைத்து உள்ளே போய்விடும். ஷெட்டைக் கழுவும்போது அங்கேயே பதுங்கியிருந்து, புதுக்கூளம் பரப்பிப் புதுக்குஞ்சு வந்ததும் இறங்கி வரும். குஞ்சு முதல் வேலையாக அதைக் கொத்தும்.

இரண்டு பேட்ச்களுக்கு நடுவே இந்த வண்டு கிருமியைக் கடத்துமா? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் கேம்பிலோபேக்டர், சால்மொனெல்லா இரண்டையும் ஏற்றி அன்றே குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, பாதிக் குஞ்சுகள் முதல் அத்தனை குஞ்சுகள் வரை தொற்றியது. ஷெட் காலியாகக் கிடக்கும் ஒரு வாரத்துக்கு ஈடாக வண்டுகளை ஏழு நாள் வைத்திருந்து பிறகு கொடுத்தபோதும் தொற்றியது, குறைந்த அளவில். இதில் விசித்திரம், அந்த ஏழு நாளுக்குப் பின் வண்டுகளைச் சோதித்தால் கேம்பிலோபேக்டர் கிடைக்கவில்லை. சோதனைத் தட்டில் வளராத அளவுக்கு நலிந்த கிருமியும் குஞ்சின் வயிற்றில் விழுந்ததும் எழுந்துகொண்டது. எந்த ஆய்வகத் தட்டையும்விடக் கோழிக்குடல் அதற்கு நல்ல வயல்.

இந்த வண்டின் புழுவைத்தான் 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் மனிதர் உண்ணத்தக்க புதிய உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. உறையவைத்தும், உலர்த்தியும், பொடியாகவும் விற்கலாம். முரண்பாடு மாதிரி தெரிந்தாலும் முரண் இல்லை. சுத்தமான தீனியில் தனியாக வளர்த்து, முறைப்படி பதப்படுத்தும் புழு வேறு. கோழி எச்சத்தில் புரண்ட புழு வேறு. பூச்சி தானாகக் கிருமியை உண்டாக்குவதில்லை. எங்கே மேய்ந்ததோ அந்த இடத்தின் கிருமிதான் அதனிடம் இருக்கும். அமெரிக்காவின் டெல்மார்வா தீபகற்பத்தில் கோழிப்பண்ணைகளுக்கு அருகே பிடித்த ஈக்களில் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இருந்ததை 2009இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். பண்ணையில் எந்த மருந்து புழங்குகிறது என்பதன் தடயமும் ஈயிடம் கிடைத்துவிடும்.

டென்மார்க்கின் வலையை அப்படியே நாமக்கல்லுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே மூடிய சுவரில் சில திறப்புகள். அவற்றை வலையால் மறைத்தால் போதும். அதிலும் தூசி அடைத்துக் காற்று குறைந்துவிடாமல் அடிக்கடி துடைக்க வேண்டும். நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் பல்லடம் வட்டாரக் கறிக்கோழி ஷெட்டுகளிலும் பெரும்பாலும் பக்கவாட்டில் முழுச் சுவர் கிடையாது, கம்பி வலைதான். நம் வெயிலுக்குக் காற்றோட்டமே மூச்சு. பக்கம் முழுவதையும் ஈ புகாத வலையால் மூடினால் ஈக்கு முன்னால் கோழி போய்ச் சேரும். போதாக்குறைக்கு, முட்டைக்கோழிப் பண்ணையில் ஈ வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமும் இல்லை. உயரத்தில் கூண்டுகள், அடியில் மாதக்கணக்கில் குவியும் எச்சம். ஈ பிறப்பதே அங்கேதான்.

ஆகவே இங்கே போராட்டம் காற்றுத் திறப்பில் அல்ல, எருக்குவியலில். புதிதாக விழும் கோழி எச்சத்தில் முக்கால் பங்கு நீர். ஈப்புழு வளர அந்த ஈரம் வேண்டும். எச்சம் சீக்கிரம் காய்ந்து கூம்பாகக் குவிந்தால் புழு பிழைக்காது. ஒழுகும் ஒரு குடிநீர் நிப்பிளும், சாரல் அடிக்கும் ஒரு மழைநாளும் ஆயிரக்கணக்கான ஈக்களை உண்டாக்கிவிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாள்தான். தீனியில் சைரோமசின் என்ற பூச்சிமருந்தைக் கலந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது கோழியின் வழியாக எச்சத்துக்கு வந்து, புழு தோலுரிப்பதைத் தடுத்து அதை அங்கேயே முடித்துவிடும். தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்கும் அசராத ஈக்கள் உருவாகும் என்பது மற்ற நாடுகளில் பட்ட பாடம்.

ஈ அதிகமானால் பண்ணைக்காரருக்கு முதலில் தோன்றுவது எருவை ஒரேயடியாக அள்ளிக் கொட்டிவிடலாம் என்பது. பூச்சியியலாளர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். பழகிய எருக்குவியலில் ஈ மட்டும் இல்லை. ஈயின் முட்டைகளைத் தின்னும் உண்ணிகளும், இளம்புழுக்களை வேட்டையாடும் ஹிஸ்டர் வண்டுகளும், கூட்டுப்புழுவுக்குள் தன் முட்டையை வைத்து அதை உள்ளிருந்தே தின்னவிடும் சின்னஞ்சிறு குளவிகளும் அதே குவியலில்தான் வாழ்கின்றன. மொத்தத்தையும் வழித்து எடுத்தால் இவை எல்லாம் போய்விடும். அடுத்து விழும் ஈர எச்சத்துக்கு முதலில் வந்து சேருவது பறந்து வரும் ஈதான். உண்ணியும் வண்டும் பெருகித் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ஈ முன்னைவிட அதிகமாகப் பொங்கும். அதனால் எருவை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுக்க வேண்டும், அடியில் காய்ந்த ஒரு படிவத்தை விட்டுவைக்க வேண்டும், அள்ளும் வேலையை ஈ குறைந்த காலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் யோசனை.